அரசாங்கக் கட்டிடத்தில் மின்சாரத்தை மிச்சப்படுத்த: பொறுப்புக்குப் புதிதாக வருபவர்களுக்கு

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப் பட்டணத்தில் அரசாங்கக் கட்டிடம் என்றால் சுகாதார கிளினிக், போலீஸ் நிலையம், நூலகம், பாலாய் ராயா என்ற பொது மண்டபம், அப்புறம் அரசாங்க உதவி பெறும் நம் தமிழ்ப்பள்ளி. முக்கால்வாசி ஒரு மாடி, மிஞ்சிப்போனால் இரண்டு மாடி. சுற்றிலும் செம்பனை, மிச்சமிருக்கும் கொஞ்சம் பால்மரம். நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவின் பெரிய கட்டிடங்களுக்கென்று எழுதிய கையேட்டை இங்கே கொண்டுவந்து விரித்தால் பாதிக்கு மேல் பொருந்தாது.

ஆனால் கடிதம் எல்லாருக்கும் வருகிறது. மின்சாரத்தைக் குறையுங்கள், சுற்றுச்சூழலைப் பாருங்கள் என்று. அலுவலகத்தில் அந்தப் பொறுப்பு பெரும்பாலும் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவரிடம்தான் வந்து சேரும். பள்ளி என்றால் ஓர் இளம் ஆசிரியர், அல்லது பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளர். அந்த ஒருவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். அரசாங்கக் கட்டிடங்களின் மின்வேலையில் 27 ஆண்டுகள் இருந்தவன் நான். எடுத்த எடுப்பில் எல்லாரும் கேட்பது சோலார். நான் சோலாரைக் கடைசியில் வைத்திருக்கிறேன். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

முதல் படி: வெள்ளி மாலை மீட்டரைப் படியுங்கள்

காசு வேண்டாம், அனுமதிக் கடிதம் வேண்டாம். வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்கு எல்லாரும் கிளம்பிய பிறகு மீட்டரில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். திங்கள் காலை 8 மணிக்கு, ஏர்கோன் போடுவதற்கு முன்னால், மறுபடியும் குறியுங்கள். கெடாவில் இருப்பவர்கள் வியாழன் மாலையும் ஞாயிறு காலையும் பார்க்க வேண்டும். அங்கே வார விடுமுறை வேறு. மீட்டர் அறை பூட்டியிருந்தால் சாவி வைத்திருப்பவரைக் கூட்டிப் போங்கள். எண்ணை மட்டும் பாருங்கள், எதையும் தொடாதீர்கள்.

இடையில் இருப்பது 63 மணி நேரம். அந்த நேரத்தில் 189 யூனிட் ஓடியிருந்தால், யாருமே இல்லாத கட்டிடம் ஒவ்வொரு மணி நேரமும் 3 யூனிட் குடித்திருக்கிறது என்று அர்த்தம். ஆண்டில் அலுவலகம் மூடியிருக்கும் நேரம் ஏறக்குறைய 6,500 மணி. பெருக்கிப் பாருங்கள்: 19,500 யூனிட். இந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

எது ஓடுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? காவலாளியான ஜாகாவிடம் கேளுங்கள். கூட்டிப் பெருக்கும் அக்காவிடம் கேளுங்கள். ஒரு கட்டிடத்தை இவர்கள் இருவரையும் விட நன்றாக அறிந்தவர்கள் யாரும் இல்லை, ஆனால் எந்தக் கூட்டத்துக்கும் இவர்களை யாரும் கூப்பிடுவதில்லை. பல ஆண்டுகளுக்கு முன்னால், வேறொரு ஊரில் ஓர் அலுவலகத்தில் இரண்டு நாள் அலைந்தும் எனக்குக் காரணம் பிடிபடவில்லை. ஜாகாக்காரரிடம் போய், “அண்ணே, ராத்திரி ஏதாவது சத்தம் கேக்குதா?” என்றேன். “மோட்டார்தான் தம்பி. அது நிக்கவே நிக்காது” என்றார். மேல்தொட்டியின் மிதவை சுவிட்ச் கெட்டுப்போயிருந்தது. பம்ப் இரவு முழுக்கத் தண்ணீரை ஏற்ற, அது நிரம்பி வழிந்து கூரைக் கால்வாய் வழியாகச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. மின்சாரமும் போச்சு, தண்ணீரும் போச்சு. மிதவை சுவிட்ச் சில பத்து ரிங்கிட்தான்.

மற்ற வழக்கமான ஆட்கள்: சூடு, குளிர் இரண்டும் தரும் தண்ணீர் இயந்திரம், பேன்ட்ரியில் இரவிலும் சூடாகவே இருக்கும் கொதிகலன், கோப்பு அறையில் மறந்துபோன ஏர்கோன், தூங்கிக்கொண்டிருக்கும் நகல் இயந்திரம், பகலிலும் எரியும் வெளிவிளக்கு. இவற்றுக்கு ஒரு டைமர் போதும்.

தொடக் கூடாதவையும் உண்டு. கிளினிக்கில் தடுப்பூசிக் குளிர்பெட்டி 2 முதல் 8 பாகைக்குள் இருந்தாக வேண்டும். அதன் சுவிட்சில் சிவப்புத் தாளில் மூன்று மொழியிலும் “அணைக்காதீர்” என்று எழுதி ஒட்டுங்கள். சர்வர், அபாய மணி, நெருப்பு எச்சரிக்கைக் கருவி, பாதுகாப்புக் கேமரா எல்லாம் அப்படித்தான். மிச்சப்படுத்தும் ஆர்வத்தில் ஒரு சுவிட்சைத் தட்டி, ஊர்ப் பிள்ளைகளின் ஊசி மருந்தை வீணாக்கிவிடக் கூடாது.

இரண்டாம் படி: பன்னிரண்டு மாத பில்

ஓராண்டுக்கான மின்சார நிறுவனமான தெனாகா நேஷனலின் பில்களை நிதிப்பிரிவில் கேட்டு வாங்குங்கள். ரிங்கிட்டில் ஒப்பிடாதீர்கள், யூனிட்டில் ஒப்பிடுங்கள். 2025 ஜூலையிலிருந்து தீபகற்பத்தில் கட்டண அமைப்பே மாறிவிட்டது. பழைய பில்லையும் புதிய பில்லையும் ரிங்கிட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தப்புக் கணக்குதான் வரும்.

ஆண்டு முழுவதற்கும் ஆன யூனிட்டைக் கட்டிடத்தின் தரைப்பரப்பால் வகுங்கள். 450 சதுர மீட்டர் கட்டிடம், ஆண்டுக்கு 63,000 யூனிட் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 140. இதைத்தான் கட்டிட எரிசக்திச் செறிவு என்கிறார்கள். புத்ராஜெயாவில் வைரத்தைக் கவிழ்த்து வைத்தது போல் நிற்கும் எரிசக்தி ஆணையத்தின் தலைமையகம் 85 யூனிட்டுக்கு வடிவமைக்கப்பட்டது. கட்டிடமே வெளிநோக்கிச் சாய்ந்திருப்பதால் மேல்தளம் கீழ்த்தளத்துக்கு நிழல் தருகிறது. நம் ஊரில் தாழ்வாரம் இழுத்துக் கட்டுவதும் இதே வேலைதான்.

24 மணி நேரமும் திறந்திருக்கும் போலீஸ் நிலையத்தையும் மதியத்தோடு மூடும் பள்ளியையும் இந்த எண்ணில் ஒப்பிட வேண்டாம். உங்கள் கட்டிடத்தை அதன் போன வருடத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று மேலதிகாரி கேட்பார். எரிசக்தித் திறன் மற்றும் சேமிப்புச் சட்டம் 2024, எண் 861, 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. கட்டிடங்களைப் பொறுத்தவரை 8,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ளவற்றைத்தான் அது குறிவைக்கிறது. நம் பட்டணத்தில் அந்த அளவுக் கட்டிடம் அபூர்வம். சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்றாலும் அது கேட்கும் அதே எண்ணை நீங்கள் கையில் வைத்துக்கொண்டு பேசினால், மேலிடத்தில் காது கொடுத்துக் கேட்பார்கள்.

மூன்றாம் படி: கூரையும் மேற்குச் சுவரும்

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

நான் பிறந்தது தோட்டத்தில். எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஏர்கோன் கிடையாது. ஆனால் உச்சி வெயிலில் உள்ளே போனாலும் குளுகுளு என்றிருக்கும். உயர்ந்த கூரை, சுற்றிலும் அகலமான தாழ்வாரம், சுவரின் உச்சியில் காற்றுத் துளை, எதிரெதிராக ஜன்னல், வாசலில் ஒரு மகிழ மரம். பட்டணத்தில் இருக்கும் பழைய அரசாங்கக் கட்டிடங்களும் இந்த மாதிரியில் கட்டப்பட்டவைதான். பிறகு ஏர்கோன் வந்தது. காற்றுத் துளையைப் பலகை வைத்து அடைத்தார்கள், கூரைக்குக் கீழே தாழ்வான சீலிங் போட்டார்கள், லூவர் கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டினார்கள். இப்போது மின்சாரம் போனால் ஐந்து நிமிஷம் உள்ளே உட்கார முடியாது. பிரஷர் மாத்திரைக்காகக் காலையிலேயே பஸ் ஏறி வந்து வரிசையில் உட்கார்ந்திருக்கும் கிழவிகளை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். சுங்கை சிப்புட் ஏறக்குறைய 5 பாகை வடக்கு. வெயில் நேராகத் தலைக்கு மேல் நிற்கும். ஆகவே ஒரு மாடிக் கட்டிடத்துக்கு வெப்பம் முதலில் கூரை வழியாக வருகிறது, அடுத்து மேற்குச் சுவர் வழியாக. வடக்கு, தெற்குச் சுவர்களுக்குச் சின்னத் தாழ்வாரமே நிழல் தந்துவிடும். கிழக்கும் மேற்கும் அப்படியில்லை. அங்கே வெயில் சாய்வாக உள்ளே பாயும்.

மாலை 3 மணிக்குச் சீலிங்குக்கு நேர் கீழே ஒரு நாற்காலியில் ஏறி உள்ளங்கையைத் தூக்கிப் பிடியுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் கை வைத்தது போல் இருந்தால் கூரைக்கு அடியில் ஒன்றும் இல்லை, அல்லது இருந்தது நைந்துபோய்விட்டது. எம்எஸ் 1525 என்ற மலேசியத் தரநிலை, இலேசான கூரைக்கு ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு பாகை வித்தியாசத்துக்கு 0.4 வாட்டுக்கு மேல் வெப்பம் இறங்கக் கூடாது என்கிறது. வெறும் தகரம் இதன் பக்கத்தில்கூட வராது. பளபளப்புத் தாளும், அதற்குக் கீழே 75 முதல் 100 மில்லிமீட்டர் கனத்தில் கண்ணாடிக் கம்பளமோ பாறைக் கம்பளமோ இருந்தால் அந்த அளவுக்கு வந்துவிடலாம். பளபளப்புத் தாளுக்கு ஒரு பக்கம் காற்று இடைவெளி விட வேண்டும். தகரத்தோடு ஒட்டி வைத்தால் அதன் பலன் போய்விடும். ஒப்பந்தக்காரர்கள் அடிக்கடி செய்யும் தப்பு இது, கூடவே நின்று பாருங்கள்.

சீலிங்குக்கு மேல் ஏறுவதற்கு முன் மூன்று விஷயம். எலி கடித்த ஒயர் இருக்கிறதா என்று பதிவுபெற்ற ஒயர்மேன் ஒருவர் பார்க்க வேண்டும். பழுதான ஒயர் மேல் கம்பளத்தைப் போர்த்தினால் நெருப்புக்கு வழி. உத்தரத்தில் கரையான் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ் அட்டையா என்று உறுதி செய்யுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் என்றால் துளை போடாதீர்கள், தேய்க்காதீர்கள், அழுத்தத் தண்ணீர் அடித்துக் கழுவாதீர்கள். அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும். பொதுப்பணி இலாகாவிடம் எழுத்தில் தெரிவித்துவிட்டு, அதை மாற்றும் வேலையோடு சேர்த்துத்தான் மற்றதைச் செய்ய வேண்டும்.

பெரிய காசு கிடைக்கவில்லை என்றால் மேற்குப் பக்கத்தில் மரம் நடுங்கள். மகிழம் நல்ல மரம். இலை அடர்த்தி, நிழல் கெட்டி. சுவரிலிருந்தும் சாக்கடையிலிருந்தும் தள்ளி நடுங்கள். தமிழ்ப்பள்ளி தோட்டத்து நிலத்தில் இருந்தால் நிர்வாகத்தின் சம்மதத்தைக் கடிதமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வாய்ப்பேச்சு போதாது. மரம் வளரும் வரை மூங்கில் தட்டியோ வலையோ தொங்கவிடலாம். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்த வேண்டும். உள்ளே திரை போட்டால் சூடு ஏற்கெனவே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது.

நான்காம் படி: ஏர்கோன்

அரசாங்க அலுவலகங்களில் 24 பாகைக்குக் கீழே வைக்கக் கூடாது என்று 2011-லேயே உத்தரவு வந்தது. எம்எஸ் 1525 சொல்வதும் 24 முதல் 26 தான். இருந்தும் 18-ல் ஓடுவதைப் பார்க்கிறோம். 18 வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று நினைக்கிறார்கள். சாதாரண ஏர்கோன் 18-க்கும் 25-க்கும் ஒரே வேகத்தில்தான் குளிர்விக்கும். 18-ல் வைத்தால் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் ரிமோட்டைப் பிடுங்கிப் பூட்டி வைக்காதீர்கள். நான் செய்து பார்த்துத் தோற்ற வேலை அது. ஒரே வாரத்தில் ஆளுக்கு ஒரு ரிமோட் வாங்கி வந்துவிட்டார்கள். அதற்குப் பதில் சீலிங் காற்றாடியைத் திரும்ப மாட்டுங்கள். 70 வாட் காற்றாடி சுற்றினால் 26 பாகையிலும் உடம்புக்கு 24 மாதிரி இருக்கும். ஒன்றரை குதிரைத்திறன் ஏர்கோன் ஓடும்போது ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கும். காற்றாடியை முதலில் போட்டு, ஒரு வாரம் கழித்து, அவர்களே 25-க்கு ஏற்றுகிறார்களா என்று பாருங்கள். பெரும்பாலும் ஏற்றுவார்கள்.

வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும். யார், எந்தக் கிழமை என்று பெயரோடு எழுதுங்கள். வெளிப்பெட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இடுக்கில், கூரைக்கு ஒட்டினாற்போல், சுடுகாற்று வெளியேற வழியில்லாமல் வைத்திருந்தால் அது தன் சூட்டையே திரும்ப இழுத்துக்கொள்ளும். நகர்த்த முடிந்தால் நகர்த்துங்கள்.

புதிது வாங்கும்போது எரிசக்தி ஆணையத்தின் ஐந்து நட்சத்திர முத்திரை உள்ள, தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும் இன்வெர்ட்டர் வகையைக் கேளுங்கள். அறைக்குத் தேவையான அளவுக்கு மேல் பெரிதாக வாங்காதீர்கள். பெரிதாக இருந்தால் சட்டென்று குளிர்ந்து நின்றுவிடும், ஈரத்தை வாங்க நேரம் இருக்காது. கோப்பில் பூஞ்சை பிடிப்பதற்கு ஒரு காரணம் இதுவே. பழைய ஏர்கோனில் ஆர்22 வாயு இருக்கலாம். ஓசோனைக் கெடுப்பதோடு, கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 1,800 மடங்கு வெப்பமூட்டும். கழற்றும்போது காற்றில் திறந்து விடாமல் உருளையில் பிடித்து எடுக்க வேண்டும் என்று வேலை உத்தரவிலேயே எழுதுங்கள்.

பிறகு விளக்கு

36 வாட் குழல் விளக்கு, அதன் பழைய பாலாஸ்ட்டோடு, அதாவது சோக்கோடு, சேர்ந்து 46 வாட் அளவுக்கு இழுக்கும். அதே இடத்தில் 18 வாட் எல்இடி போதும். எட்டு வகுப்பறை, அறைக்கு ஆறு விளக்கு என்றால் 48. ஆண்டுக்கு 1,100 மணி எரிந்தால் ஏறக்குறைய 1,480 யூனிட் மிச்சம். ஏர்கோனோடு ஒப்பிட்டால் சின்னத் தொகைதான், ஆனால் வேலை எளிது. பாலாஸ்ட்டை விலக்கி ஒயரை மாற்ற வேண்டியிருப்பதால் ஒயர்மேன்தான் செய்ய வேண்டும். பள்ளிப் பெற்றோர் யாராவது “நானே மாட்டிவிடுகிறேன்” என்று அன்போடு முன்வருவார், வேண்டாம்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்கிறேன். ஓர் இடத்தில் தேவைக்கு மேல் வெளிச்சம் என்று ஒன்றுவிட்டு ஒன்று விளக்கைக் கழற்றினோம். நடைபாதையிலும் கழற்றிவிட்டோம். அங்கே ஒரு சின்னப் படி இருந்தது. வயதான ஓர் அம்மா தடுமாறி விழுந்து மணிக்கட்டில் அடிபட்டார். அன்றிலிருந்து நடைபாதை, படிக்கட்டு, கழிப்பறை, மருந்து கொடுக்கும் இடம், இவற்றில் நான் விளக்கின் எண்ணிக்கையில் கை வைப்பதில்லை. மேசை வேலைக்கு 300 முதல் 400 லக்ஸ் வெளிச்சம் வேண்டும். கைப்பேசியில் அளக்கும் செயலி துல்லியமானது இல்லை என்றாலும் இருட்டான மூலையைக் காட்டிக் கொடுக்கும்.

தண்ணீரும் பழைய சாமானும்

கழிப்பறைத் தொட்டியில் கொஞ்சம் சிவப்புச் சிரப் ஊற்றுங்கள். பத்து நிமிஷத்தில், யாரும் இழுக்காமலேயே, கீழே சிவப்பு வந்தால் ஒழுகுகிறது. ரப்பரை மாற்றினால் சரி.

மழைநீர் நமக்குக் கொடை. தீபகற்பத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,500 மில்லிமீட்டர் பெய்கிறது. 200 சதுர மீட்டர் கூரையில் ஐந்தில் நான்கு பங்கைப் பிடித்தாலும் 4 லட்சம் லிட்டர். செடிக்கும் தரை கழுவவும் கழிப்பறைக்கும் போதும், குடிக்கக் கூடாது. தொட்டியின் எல்லாத் திறப்பிலும் வலை கட்டுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிட்டால் டெங்கி. அரசாங்கக் கட்டிடமே ஊருக்கு நோய் கொடுத்தது என்று ஆகிவிடக் கூடாது.

கழற்றிய குழல் விளக்கில் பாதரசம் இருக்கிறது. அதையும் பழைய மின்கருவிகளையும் குப்பை லாரியில் போடக் கூடாது. அவை சட்டம் பட்டியலிட்ட ஆபத்தான கழிவு, உரிமம் பெற்றவர்தான் எடுக்க வேண்டும். பழைய ஏர்கோன் அரசாங்கச் சொத்தாகப் பதிவாகியிருக்கும். கேஇடபிள்யூ பிஏ என்ற அரசாங்கச் சொத்துப் படிவத்தில் அதைக் கழித்துவிட ஒப்புதல் வராமல் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிட்டால், தணிக்கையில் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

காசு கேட்டுக் கடிதம்

மின்கட்டணத்துக்கு ஒதுக்கிய பணம் வேறு தலைப்பு, பழுதுபார்ப்புக்கு வேறு தலைப்பு, புதுச் சொத்து வாங்க வேறு தலைப்பு. பில்லில் மிச்சமானதை எடுத்துக் காற்றாடி வாங்கிவிட முடியாது. ஆகவே கடிதத்தில் எந்தத் தலைப்பில் கேட்கிறீர்கள் என்று நிதிக் குமாஸ்தாவிடம் முன்கூட்டியே பேசி எழுதுங்கள். ஒரே பக்கம் போதும்: வார இறுதி மீட்டர் எண், ஆண்டு யூனிட், இரண்டு படம், கேட்கும் தொகை, எத்தனை மாதத்தில் திரும்ப வரும். ஆண்டு இறுதிக்கு முன் மிச்சமிருக்கும் ஒதுக்கீட்டுக்கு யார் கையில் தயாரான கடிதம் இருக்கிறதோ அவருக்குத்தான் கிடைக்கும்.

மிச்சமாகும் தொகையிலிருந்தே முதலீட்டைத் திருப்பிக் கட்டும் எரிசக்திச் செயல்திறன் ஒப்பந்தம் என்ற ஏற்பாடு 2013 முதல் அரசாங்கக் கட்டிடங்களுக்கு இருக்கிறது. பெரிய மருத்துவமனைகளுக்கு அது சரி. ஒரு சின்னக் கிளினிக்குக்காக நிறுவனங்கள் வர மாட்டார்கள். மாவட்டத்தில் உள்ள பத்துக் கட்டிடங்களைச் சேர்த்து மாவட்ட அலுவலகம் மூலம் கேட்டால் பேச இடம் உண்டு.

சோலார்

முதல் படியில் எழுதி வைத்த தாளை எடுங்கள். 19,500 யூனிட். நம் வெயிலில் 10 கிலோவாட் சோலார் ஆண்டுக்கு 12,000 யூனிட் சொச்சம் தரும், 50 முதல் 60 சதுர மீட்டர் கூரை கேட்கும். ஆள் இல்லாத நேரத்தில் ஓடுவதில் மூன்றில் இரண்டு பங்கை நிறுத்தினாலே அந்தச் சோலார் தருவதற்கு மேல் கிடைக்கிறது. வீணடிப்பதை அப்படியே விட்டுவிட்டுக் கூரையில் பலகை மாட்டுவது, ஓட்டைப் பானைக்குப் பெரிய குழாய் வைப்பது.

ஓட்டையை அடைத்த பிறகு தாராளமாகப் போடுங்கள். கிளினிக்குக்கு ரொம்பப் பொருத்தம், வெயில் அடிக்கும் நேரமும் வேலை நேரமும் ஒன்று. பள்ளிக்கு நீண்ட விடுமுறை இருப்பதால், மிஞ்சும் மின்சாரத்தை எந்தத் திட்டத்தில், என்ன விலையில் எடுத்துக்கொள்வார்கள் என்பதை நீடித்த எரிசக்தி மேம்பாட்டு ஆணையமான செடாவிடம் கேட்டுவிட்டு அளவை முடிவு செய்யுங்கள். திட்டங்கள் மாறிக்கொண்டே இருக்கும், போன வருடக் கணக்கை வைத்துக்கொண்டு வரும் விற்பனையாளரை நம்பாதீர்கள். கூரைக்கு இன்னும் 20 ஆண்டு ஆயுள் இருக்கிறது என்று பொதுப்பணி இலாகா எழுத்தில் சொல்லட்டும். நிழல் விழுகிறது என்று மேற்கு மரத்தை வெட்டச் சொன்னால் பலகையை வேறு பக்கம் மாற்றச் சொல்லுங்கள்.

போட்ட பிறகு, சோலார் மின்சாரத்தைக் கட்டிடத்துக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டர் பெட்டி எங்கே இருக்கிறது, பச்சை விளக்கு எது என்று ஜாகாவுக்கும் கூட்டிப் பெருக்கும் அக்காவுக்கும் காட்டி வையுங்கள். ஒரு பள்ளியில் இன்வெர்ட்டர் பழுதாகிப் பல மாதம் யாருக்கும் தெரியாமலே இருந்தது. விளக்கு சிவப்பானால் அன்றைக்கே உங்களுக்குப் போன் வர வேண்டும். அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வெள்ளி மாலை 5 மணிக்கு, அதே மீட்டருக்கு முன்னால் போய் நில்லுங்கள்.